ஒரே மாதிரி இல்லாத பாட்டில்கள்

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'நாக்கு சார்'. கேலிக்கு வைத்த பெயர் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அங்கே அவருக்கு வேலையே நாக்கால்தான். அடுப்பிலிருந்து வருகிற ஒவ்வொரு பேட்ச் பிஸ்கட்டையும் கடித்துப் பார்த்து, இதற்கு முன்னால் போனது மாதிரியே இருக்கிறதா என்று அவர் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே கிடையாது.

"நல்லா இருக்கான்னு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான் மாப்ள. அதே மாதிரி இருக்கான்னு சொல்லத்தான் எனக்குச் சம்பளம்" என்பார்.

இந்த வேலையை அவர் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கும் கொண்டு வந்தார். அக்கா சமைத்து வைத்தால் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, "போன தடவை மாதிரி இல்லை" என்பார். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை, இரண்டும் வராது. கல்யாணமான புதிதில் அக்கா அழுதாள். அப்புறம் சண்டை போட்டாள். அப்புறம் "அந்த நாக்கை ஒரு நாள் இழுத்து வச்சு அறுக்கப் போறேன் பாரு" என்று என்னிடம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டாள். இருபத்தாறு வருஷம். கூடப் பிறந்தவனுக்குக் கோபம் வருமா வராதா?

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். வருகிறவரை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, இதுவா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்பது என் பிழைப்பு. பத்து லென்ஸுக்கு மேல் போனால் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரே லென்ஸை எடுத்துவிட்டு அதையே திரும்பப் போட்டு "இதுவா, இதுவா?" என்று கேட்பேன். பாதிப் பேர் "ரெண்டாவது நல்லா இருக்கு" என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரியும். கேள்வி கேட்டால் வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும் என்று மனுஷன் நினைத்துக்கொள்கிறான். மாமாவிடம் இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை, தைரியம்தான் இல்லை.

அவருடைய ருசி அறையை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. சிவப்பு பல்பு மட்டும் எரியும், பிஸ்கட்டின் நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாந்துவிடக் கூடாதாம். பலகை வைத்துத் தடுத்த ஐந்து இடங்களில் ஐந்து பேர். ஆளுக்கு மூன்று தட்டு, எல்லோருக்கும் ஒரே வரிசையில், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். இரண்டில் முன்னால் போன பேட்ச், ஒன்றில் புதியது. வேறு எது என்று அட்டையில் எழுத வேண்டும். தெரியவில்லை என்றால் 'வித்தியாசம் இல்லை' என்று எழுதலாம். ஒருவர் அட்டையை இன்னொருவர் பார்க்க முடியாது. ஆனால் மாமா வேறு என்று நினைக்கிற தட்டை விரலால் தள்ளுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்கும். இடமா, நடுவா, வலமா என்று நாலு பேரும் காதால் ருசி பார்த்து எழுதிவிடுவார்கள். ஐந்து அட்டைகளும் ஒரே பதில் சொல்லும், அந்தத் தட்டு நிஜமாகவே புதியதுதானா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. மேலாளருக்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த ஐந்து அட்டைகளிடம் போன வருஷம் வசமாக மாட்டியவர் மாவுக்காரர். மாவு பிசைகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டு தடவை அவருடைய பேட்சை மாமா "இது வேற" என்று எழுதினார், இரண்டு தடவையும் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் நேராக வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "எப்பவும் போடறதைத்தான் சார் போட்டேன், சத்தியமா" என்று அந்த மனுஷன் ருசி அறை வாசலில் நின்று சொன்னாராம்.

"உங்க கையை விட என் நாக்கை நான் நம்பறேன்" என்றாராம் மாமா. இதை வீட்டில் வந்து பெருமையாக வேறு சொன்னார்.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், சனி ஞாயிறு சாயங்காலம் இரண்டு பெக் போர்பன் விஸ்கி. முதன்முதலில் "போர்பன் வாங்கிட்டு வர்றேன்" என்று அவர் கிளம்பியபோது, நாள் முழுக்க பிஸ்கட் தின்றுவிட்டு வீட்டுக்கும் பிஸ்கட்டா என்று அக்கா கேட்டாள். அவளுக்குத் தெரிந்த போர்பன் நடுவில் சாக்லேட் கிரீம் வைத்தது. மாமா வாங்கி வந்தது கடையில் கீழிருந்து இரண்டாவது தட்டில் இருக்கிற சரக்கு. அதற்குக் கீழே இருப்பதைக் குடித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது, மேலே இருப்பதைக் குடித்தால் மாசக் கடைசி வரைக்கும் எழுந்திருக்க முடியாது. சாமான்யனுக்கு ஏற்ற தட்டு அது ஒன்றுதான்.

அதை அவர் குடிக்கிற அழகு தனி. கிளாஸை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முதலில் மோப்பம். பிறகு ஒரு சொட்டு நுனி நாக்கில். "முதல்ல வெனிலா வருது. அப்புறம் காய்ச்சின சர்க்கரை. கடைசியில லேசா மர வாசனை. விலை குறைஞ்ச சரக்குன்னு எவனாவது சொல்லுவானா மாப்ள?" என்பார். எனக்கு முதலில் எரியும், அப்புறம் சிரிப்பு வரும், அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மாமா வேறு ஆளாக இருப்பார். யாரையும் எதையும் குறை சொல்லாமல், 'அதே மாதிரி' இருக்கிற ஒரு பொருளை நிம்மதியாகக் குடிப்பார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நேரத்து மாமாவை எனக்குப் பிடிக்கும்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, புது பாட்டிலின் முதல் வாயிலேயே முகம் சுருங்கியது.

"இது அது இல்ல மாப்ள."

"அதே லேபிள்தானே மாமா?"

"லேபிளையா குடிக்கிறேன்? மர வாசனையே காணோம். வெறும் சர்க்கரைத் தண்ணி."

அடுத்த பாட்டிலில் மர வாசனை இருந்தது, வெனிலாவைக் காணவில்லை. அதற்கடுத்ததில் இரண்டுமே இருந்தன, ஆனால் தொண்டையில் ஏதோ கசப்பு. பாட்டிலின் அடியில் பொறித்திருக்கிற எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, ஒரு நோட்டில் குறித்து, பக்கத்தில் மார்க் போட ஆரம்பித்தார். கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டார்.

"சார், இந்தத் தட்டுச் சரக்குல இவ்வளவு கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான்" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாமா விடவில்லை. பாட்டில் கம்பெனிக்கே கடிதம் எழுதினார். ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. ஒவ்வொரு பீப்பாயும் தனித்தன்மை கொண்டது, சிறு வேறுபாடுகள் இயற்கையே, தங்கள் நுட்பமான ரசனைக்கு நன்றி என்று அச்சடித்த கடிதம். கூடவே கிளாஸ் வைக்க ஒரு அட்டை, இலவசம்.

"தனித்தன்மையாம்! எங்க மேனேஜர்கிட்ட போய், ஒவ்வொரு அடுப்பும் தனித்தன்மை கொண்டதுன்னு நான் சொன்னா செருப்பாலயே அடிப்பான்" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. என்ன, அதே நியாயத்தை மாவுக்காரரிடம் அவர் காட்டியதில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பாட்டில் மாறல, நீங்கதான் மாறிட்டீங்க" என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னாள்.

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். மாமா முகத்தில் ரத்தம் இல்லை. நாக்குதான் அவருக்குப் பேர், நாக்குதான் சோறு. அது போய்விட்டால் அவரை என்ன செய்வார்கள்? அட்டைப்பெட்டி எண்ணுகிற குடோனில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுப்பார்கள். அன்று அவர் இரண்டாவது பெக் ஊற்றிக்கொள்ளவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜைக்கு மேலே சிவப்பு பல்பு மாட்டினார். வீடே புகைப்படம் கழுவுகிற இடம் மாதிரி ஆனது. சமையலறையில் இரண்டு பாட்டில். ஒன்று போன வாரம் திறந்தது, நன்றாக இருந்ததாக நோட்டில் எழுதியது. இன்னொன்று புதியது, அடியில் வேறு எண், சீல் உடைக்காதது. அக்காவுக்கு அரை மணி நேரம் பாடம் நடந்தது. மூன்று கிளாஸ், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இரண்டில் ஒரு பாட்டில், ஒன்றில் மற்றது. எதில் எதை ஊற்றினாய் என்று காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள், முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது.

"எனக்கு முகத்துல காட்டத் தெரியாதுங்க. உங்ககூட இருபத்தாறு வருஷம் இருந்தாச்சு" என்றாள் அக்கா.

கிளாஸ்கள் வந்தன. மாமா ஒவ்வொன்றையும் மோந்தார், நாக்கில் வைத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி மோந்தார். பத்து நிமிஷம். கடைசியில் நடு கிளாஸை விரலால் தள்ளினார்.

"இதான் வேற. சந்தேகமே இல்ல. மர வாசனை சுத்தமா இல்ல, கடைசியில கசப்பு. புது பாட்டில். நான் சொல்லல?" என்னைப் பார்த்து எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் சிரித்தார். "நாக்கு இருக்கு மாப்ள. அப்படியே இருக்கு."

அக்கா காகிதத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடு" என்றார் மாமா.

"இல்லங்க..."

"குடுன்னா."

மூன்று எண்களுக்கு எதிரேயும் 'பழசு, பழசு, பழசு' என்று எழுதியிருந்தது.

"திறந்த பாட்டில்லயே மூணு கிளாஸுக்கு இருந்துச்சு. ஒண்ணு திறந்து கிடக்கும்போது இன்னொண்ணை எதுக்கு உடைக்கணும்னு..." என்று அக்கா இழுத்தாள். "உடைச்சா வாசனை போயிடும்னு நீங்கதானே சொல்லுவீங்க. நம்பர் போட்டு மூணு கிளாஸ் வேணும்னீங்க, குடுத்தேன்."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் சீல் கலையாமல் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. உலகத்தில் எந்த விஞ்ஞானியும் சிக்கனமான பெண்டாட்டியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யக் கூடாது. ஆனால் இதைவிட நேர்மையான ஆராய்ச்சியும் நடந்திருக்காது.

மாமா மூன்று கிளாஸையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருஷக் கோபம், வாயைத் திறக்க வைத்துவிட்டது. ஒரே லென்ஸை இரண்டு தடவை போடுகிற கதையைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சொல்லி முடித்ததும்,

"அப்ப அந்த மாவுக்காரன்?" என்றார்.

சொன்னதற்கே எனக்கு வெட்கமாகிவிட்டது.

நேரம் பார்த்து வந்த மாதிரி அந்த வியாழக்கிழமையே வந்தது வினை. வெண்ணெய் பிஸ்கட் ஒரு பேட்ச். மாவுக்காரரோடு எப்போதும் உரசிக்கொண்டிருக்கிற மேற்பார்வையாளர், மாவைத் தொட்டுப் பார்த்தபோதே சரியில்லை என்று மேலாளரிடம் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார். மேலாளர் மாமாவின் வயதில் பாதி. "நாக்கு சார் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்ததாம், தேதி மட்டும் போட வேண்டும்.

அன்று ருசி அறையில் என்ன நடந்தது என்று மாமா சொல்லித்தான் தெரியும். மூன்று தட்டையும் சுவைத்திருக்கிறார். முதல் தடவை இடது தட்டு வேறு மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை வலது தட்டு. மூன்றாவது தடவை மூன்றும் ஒன்றாக இருந்தன. முன்பென்றால் முதலில் தோன்றியதைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். இப்போது அவர் கண் முன்னால் அக்காவின் காகிதம். பலகைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் தட்டு நகருகிற சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, மனசறிந்து ஒரு மனுஷனைக் கெடுக்கக் கூடாது என்று, 'வித்தியாசம் இல்லை' என்று எழுதினார். ஐந்து அட்டையும் அப்படியே சொன்னது. பேட்ச் கடைகளுக்குப் போயிற்று. கடிதம் கிழிந்தது.

அன்று மாமா வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். "ஒருத்தன் வேலை தப்பிச்சுது மாப்ள. நிதானமாப் பார்த்தா நாக்கு சரியாத்தான் சொல்லுது. நான்தான் அவசரப்பட்டிருக்கேன்" என்றார். பழைய பாட்டிலை அந்த வாரக் கடைசியில் காலி செய்தார், மார்க் போடாமல். எனக்கும் மனசு நிறைந்தது. ஆள் திருந்திவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். "எத்தனை நாளைக்கு?" என்றாள்.

ஒரு மாசம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவுக்காரர் வீட்டுக்கு வந்தார். தலை படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"என் மச்சான்தான், சொல்லுங்க" என்றார் மாமா.

"நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன் சார். அங்க வச்சு சொல்ல முடியாது."

"நன்றி எதுக்கு? இல்லாததை இல்லைன்னு எழுதினேன்."

மாவுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு மெல்லச் சிரித்தார். பெரிய மனுஷர்கள் செய்த உதவியை மறைப்பார்கள் என்று தெரிந்தவரின் சிரிப்பு அது.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. போன வருஷம் ரெண்டு தடவையும் நான் ஒரு தப்பும் பண்ணல சார். அப்புறமா அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் இந்தத் தடவை, நெஜமாவே தப்பு பண்ணினப்ப, தெரிஞ்சும் விட்டுக்கொடுத்தீங்க. கணக்கு சரியாப் போச்சுன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

"என்ன தப்பு?" என்றார் மாமா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"உப்பு போட மறந்துட்டேன் சார். அந்தப் பேட்ச் முழுக்க ஒரு கல்லு உப்பு கிடையாது."

உப்பு. வெனிலா இல்லை, மர வாசனை இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிற ஜனங்கள் நாம். வெண்ணெய் பிஸ்கட்டில் உப்பு இல்லையென்றால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

மாவுக்காரர் சொல்லிக்கொண்டே போனார். தன் வீட்டில் ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்துப் பார்த்ததாகவும், சப்பென்று வாயில் வைக்க வழியில்லை என்றும், இதையா நாக்கு சார் சரியென்று எழுதினார் என்று நினைத்தபோது தனக்குக் கண் கலங்கிவிட்டதாகவும் சொன்னார். "எனக்காக உங்க பேரையே பணயம் வச்சீங்களே சார்" என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அந்த நன்றியை நிறுத்த அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

"சரி. இனிமே பாத்து போடுங்க" என்று மட்டும் மாமா சொன்னார். வாசல் வரை போய் அனுப்பிவிட்டும் வந்தார். என் மேல் பாவம் பாதி இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. லென்ஸ் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் ஏதாவது ஒரு தட்டைத் தள்ளியிருப்பார். நியாயமான கடிதம் அந்த மனுஷனுக்குப் போயிருக்கும். அவர் நாக்கு இன்னும் கொஞ்ச நாள், போனது தெரியாமலே, உயிரோடு இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் மாமா நேராக மேலாளர் அறைக்குப் போனார். என் நாக்கு போய்விட்டது, வேறு ஆளை வையுங்கள் என்றார். எப்படித் தெரியும் என்று மேலாளர் கேட்டார். அதற்கு மாமாவிடம் ஒரே ஓர் அத்தாட்சி இருந்தது, அதைச் சொன்னால் மாவுக்காரர் வேலை போய்விடும். போர்பன் பாட்டிலைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரிட்டயர் ஆகுற வயசுல எல்லாருக்கும் இந்தப் பயம் வரும் சார். போன மாசம் ஒரு பேட்ச்கூடத் திரும்பி வரலை. ஒரு கடையிலயிருந்தும் புகார் இல்லை. என்னைக் கேட்டா, இப்பதான் உங்க நாக்கு சரியா வேலை செய்யுது" என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் போயிருந்தேன். இதையெல்லாம் அவரே, வேறு யாருக்கோ நடந்தது போல, நிதானமாகச் சொன்னார். அக்கா தட்டு வைத்துப் பரிமாறினாள். மாமா ஒரு வாய் எடுத்தார். வழக்கமாகக் கண்ணை மூடுகிற இடத்தில் மூடவில்லை. மென்று விழுங்கிவிட்டு, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"உப்பு சரியா இருக்கா?"

முதலில் அவர் என்னைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அக்காவைக் கேட்டிருக்கிறார். இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எப்போதும் தீர்ப்பு சொல்லத்தான் செய்வார். அந்த நாக்கை அறுப்பேன் என்று சபதம் போட்டவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். திருப்பிக் கொடுக்க அவளிடம் எவ்வளவோ இருந்தது.

"சரியா இருக்குங்க. நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார். அக்கா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.